யானைக்குப் பாகன்... கப்பலுக்கு ‘டக்’!

சித்தன்னவாசல் மலைமீது ஏறி நின்றால் பாறையும் பொட்டலும் வயலும்தான் கண்ணில்படும். எந்தத் திசையில் தேடினாலும் கடல் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் ஒரு கடற்கரை இருக்கிறது. ஆனால், அது தூரத்தில் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம். சித்தன்னவாசலில் தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருவது, அறிவர் கோயில் விதானத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாடாமல் இருக்கும் அந்தத் தாமரைக் குளம்தான். மீன்கள், பறவைகள், மாடுகள், யானைகள் என்று குளமே நிறைந்திருக்கும்.

இந்த ஊருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

மாலையில் இந்த ஊர் வீடுகளில் சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்கு, மாநிலம் முழுவதற்குமான மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அந்தக் கட்டமைப்புக்கு மின்சாரம் தருவதற்காகக் கட்டப்பட்டவற்றில் ஒன்று தூத்துக்குடி அனல்மின் நிலையம். 210 மெகாவாட் வீதம் 5 அலகுகள். அதற்கான நிலக்கரி, ஒடிசா சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வருகிறது.

பல்லாயிரம் டன் கரியைச் சுமந்துகொண்டு வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல், கடைசிச் சில நூறு மீட்டரில் தடுமாறும். சொந்தமாகக் கரையை அணைய அதற்குத் தெரியாது. அப்போது அதன் அருகில் வந்து நிற்கும், அதன் நீளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இருக்குமா என்று சந்தேகப்படவைக்கும் ஒரு குள்ளமான படகு. சுற்றிலும் கறுப்பு ரப்பர் மெத்தை, உயரமான கண்ணாடி அறை, தளத்தில் ஒரு பெரிய கயிற்று உருளை.

செய்தித்தாள்கள் இதை ‘இழுவைக் கப்பல்’ என்று எழுதும். துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது ‘டக்’.

பெரிய கப்பலுக்கு என்ன குறை?

கப்பலைத் திருப்புவது சுக்கான். சுக்கான் வேலை செய்ய, அதன் மீது தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். நடுக்கடலில் வேகமாகப் போகும்போது பிரச்னை இல்லை. துறைமுகத்துக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வேகம் குறையக் குறைய, சுக்கானின் பிடியும் குறையும். ஒரு கட்டத்தில் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்பல் கேட்காது. நின்றுபோன சைக்கிளின் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்ப்பதுபோலத்தான்.

அடுத்தது பிரேக். கப்பலுக்கு அது கிடையவே கிடையாது. எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிடலாம். அப்போது கப்பலின் பின்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கும், நேராக நிற்காது. இதற்கு நடுவே கடற்காற்று வேறு. பெட்டி மேல் பெட்டியாகக் கன்டெய்னர் அடுக்கிய கப்பலின் பக்கச் சுவர், காற்றுக்கு விரித்துக் கட்டிய பாய்போல.

‘மெதுவாகத்தானே வருகிறது, லேசாக இடித்தால் என்ன?’ என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு. 60,000 டன் எடையுள்ள கப்பல், 1 நாட் வேகத்தில் வருகிறது. அதாவது, விநாடிக்கு அரை மீட்டர். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாத்தாகூட இதைவிட வேகமாக நடப்பார். ஆனால், அந்தக் கப்பலிடம் அப்போது இருக்கும் ஆற்றல், 10 டன் லாரி ஒன்று மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வரும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். அது துறைமுகச் சுவரில் ‘லேசாக’ இடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வடமும் முட்டுக்கட்டையும்

நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலில் பங்குனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு டக்கின் வேலையை விளக்குவது சுலபம். தேரை நகர்த்துவது வடம். ஆனால், வடம் மட்டும் இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் செருகித் தேரை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்தவர்கள் வேண்டும். மூலையில் தேரைத் திருப்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கடலில் வடமும் முட்டுக்கட்டையும் ஒன்றேதான். அது டக். இழுக்கும், தள்ளும், பிடித்து நிறுத்தும், சுற்றித் திருப்பும். பெயரில் ‘இழுவை’ இருந்தாலும் துறைமுகத்தில் அதன் வேலையில் பெரும்பகுதி தள்ளுவதும் தடுப்பதும்தான்.

கப்பலின் மேல்தளத்தில் துறைமுகத்தின் பைலட் நிற்பார். விமான பைலட் இல்லை. அந்தத் துறைமுகத்தின் ஆழம், நீரோட்டம், காற்று எல்லாம் தெரிந்த வழிகாட்டி. வெளிக்கடலிலேயே சிறு படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறிக் கப்பலுக்குள் வந்திருப்பார். அவர் வயர்லெஸில், ‘முன்பக்க டக் மெதுவாக இழு, பின்பக்க டக் அரைவாசி வேகத்தில் தள்ளு’ என்று சொல்லச் சொல்ல, கீழே டக்குகள் செய்துமுடிக்கும். யானையின் காதோரம் பாகன் காலை அசைப்பதுபோல. யானைக்கு முன்னால் பாகன் எவ்வளவு சின்ன உருவம்! ஆனால், கூட்டத்துக்கு நடுவே யானையைப் பத்திரமாக நடத்திக்கொண்டு போவது அந்தச் சின்ன உருவம்தான்.

கால்வாயில் பிறந்த கதை

பாய்மரக் காலத்தில் காற்று நின்றால் கப்பலும் நின்றுவிடும். துறைமுகத்துக்கு உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டுமென்றால், மாலுமிகள் படகில் இறங்கித் துடுப்புப் போட்டுக் கப்பலை இழுக்க வேண்டும். கால்வாய்களில் கரையில் நடக்கும் குதிரைகள் படகுகளை இழுத்தன.

நீராவி எஞ்சின் வந்ததும், ‘இந்த வேலைக்கு எஞ்சினைப் பூட்டினால் என்ன?’ என்ற யோசனை வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோனதன் ஹல்ஸ் 1736-லேயே, கப்பல்களை இழுக்கும் நீராவிப் படகுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்த யோசனையை ஓட்டிக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் சைமிங்டன். அவர் கட்டிய படகின் பெயர் ‘ஷார்லெட் டன்டாஸ்’. 1803 மார்ச்சில் இது தலா 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளை, ஃபோர்த் - கிளைடு கால்வாயில் கிளாஸ்கோவை நோக்கி ஏறக்குறைய 30 கி.மீ. இழுத்துச் சென்றது. எதிர்க்காற்று வீசிய நாள் அது. சுமார் ஒன்பதேகால் மணி நேரம் ஆனது.

வெற்றி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. படகின் சக்கரம் கிளப்பும் அலையால் கால்வாய்க் கரை அரித்துவிடும் என்று அதன் உரிமையாளர்கள் பயந்தார்கள். ‘ஷார்லெட் டன்டாஸ்’ ஓரங்கட்டப்பட்டது. ஆனால், யோசனை ஓரங்கட்டப்படவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரிட்டனின் ஆறுகளில் புகைபோக்கி வைத்த இழுவைப் படகுகள் சகஜமாகிவிட்டன. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் டர்னரின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், டிரஃபால்கர் போரில் வென்ற ‘டெமரேர்’ என்ற பிரமாண்டப் பாய்மரப் போர்க்கப்பலை, உடைப்பதற்காக ஒரு குட்டி நீராவி டக் இழுத்துச் செல்லும். அந்தக் கப்பல் தன் கடைசிப் பயணம் போன ஆண்டு 1838. ஒரு யுகத்தை இன்னொரு யுகம் கயிறு கட்டி இழுத்துப்போன காட்சி அது.

அந்தக் கால டக்குகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருந்தன. பின்னால் விசிறிபோலச் சுழலும் புரொப்பல்லர் வந்த பிறகு மற்ற கப்பல்கள் சக்கரத்தை விட்டுவிட்டன. டக்குகள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. காரணம் இருக்கிறது. ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் இன்னொன்றைப் பின்னோக்கியும் ஓட்டினால், டக் நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பும். இந்த ஒரு வசதிக்காக பிரிட்டிஷ் கடற்படை 1950-களின் பிற்பகுதியில்கூட டீசல் - மின்சாரத்தில் ஓடும் துடுப்புச் சக்கர டக்குகளைப் புதிதாகக் கட்டியது. நின்ற இடத்தில் திரும்பும் திறமை டக்குக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி.

நம் கரைக்கு எப்போது வந்தது?

நம் கிழக்குக் கரையில் நீண்ட காலம் டக்குக்கு வேலையே இல்லை. டக் வேண்டுமென்றால் முதலில் கப்பல் உள்ளே வரும்படியான துறைமுகம் வேண்டுமே!

சென்னையில் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகுகளும் கட்டுமரங்களும் அலையைத் தாண்டிப்போய் ஆட்களையும் சரக்கையும் கரைசேர்க்கும். 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1870-களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். சுவருக்கு நடுவே குறுகிய வாசல், உள்ளே குறைந்த இடம். இப்படி ஒரு செயற்கைத் துறைமுகம் உருவான பிறகுதான், கப்பலைப் பிடித்து ஒடுக்கமான இடத்தில் நிறுத்த ஆள் தேவைப்பட்டது.

தூத்துக்குடி கதையும் அதேதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்திலும் அங்கே கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் பல கி.மீ. தள்ளி நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. கடலுக்குள் நீண்ட கல்சுவர்கள் கட்டி அமைத்த ஆழ்கடல் துறைமுகம், 1974 ஜூலை 11-ல் நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. வ.உ.சி.யின் பெயர் 2011-ல் சூட்டப்பட்டது. இன்று அங்கே கரிக்கப்பலும் கன்டெய்னர் கப்பலும் கரையை ஒட்டியே வந்து நிற்கின்றன. அவற்றை நிறுத்துவது டக்குகள்.

உடம்பு சின்னது... எஞ்சின் பெரியது!

இன்றைய துறைமுக டக் ஒன்றின் நீளம் சுமார் 30 மீட்டர். ஏறத்தாழ மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். ஆனால், உள்ளே இருக்கும் இரண்டு எஞ்சின்களின் மொத்த சக்தி சுமார் 5,000 குதிரைத்திறன். நம் அரசுப் பேருந்து எஞ்சின்களைப்போல 25 எஞ்சின்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் இது வரும். சரக்கு ஏற்ற இடம் இல்லை, பயணிக்கு இருக்கை இல்லை. எஞ்சினைச் சுற்றி இரும்பை வளைத்து ஒட்டியதுபோல ஒரு படகு.

டக்கின் பலத்தைக் குதிரைத்திறனில் அளப்பதில்லை. அதற்கு ஒரு தனி சோதனை உண்டு. கப்பல் கட்டுவதற்காகத் துறைமுகக் கரையில் நட்டிருக்கும் குட்டையான இரும்புத் தூணில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுவார்கள். மறுமுனை டக்கில். நடுவில் இழுவிசையை அளக்கும் கருவி. டக் முழு வேகத்தில் இழுக்கும். தூண் நகராது, டக்கும் நகராது. கருவியின் எண் மட்டும் ஏறும். அந்த எண்தான் டக்கின் ‘இழுப்புத்திறன்’. பெரிய துறைமுகங்களில் இப்போது 50, 60 டன் டக்குகள் சாதாரணம். 60 டன் என்பது, 15 யானைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வரும் இழுப்பு.

முதலில் பார்த்த கப்பல் கணக்குக்கே போவோம். 1 நாட் வேகத்தில் வரும் 60,000 டன் கப்பலை, 60 டன் இழுப்புள்ள ஒரே ஒரு டக் பின்னால் பிடித்து இழுத்தால், கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிடலாம். அதற்குள் கப்பல் 13, 14 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீரின் கனத்தையும் கூட்டினால் கொஞ்சம் அதிகமாகும். அவ்வளவுதான்.

பலம் மட்டும் போதாது. அந்தப் பலத்தை நினைத்த திசையில் காட்ட வேண்டும். இதற்காக வந்த மூன்று கண்டுபிடிப்புகள் டக்கின் தலையெழுத்தை மாற்றின.

முதலாவது, புரொப்பல்லரைச் சுற்றி ஒரு வளையம். 1930-களில் ஜெர்மனியின் லூட்விக் கோர்ட் கொண்டுவந்தது. மெதுவாகப் போகும்போது இந்த வளையம் தண்ணீரைச் சிதறவிடாமல் பின்னோக்கித் தள்ளவைக்கிறது. அதே எஞ்சினில் கூடுதல் இழுப்பு.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920-களில் யோசித்து, ஜெர்மனியின் ஃபோய்த் நிறுவனம் செய்த வித்தியாசமான கருவி. படகின் அடியில் ஒரு வட்டத்தட்டு கிடைமட்டமாகச் சுழலும். அதிலிருந்து கத்திகள் செங்குத்தாகக் கீழே தொங்கும். சுழலும்போதே கத்திகளின் கோணத்தை மாற்றினால், எந்தத் திசையிலும் படகை உந்தலாம். சுக்கானே வேண்டாம்.

மூன்றாவதுதான் இன்று அதிகம் புழங்குவது. வளையம் மாட்டிய இரண்டு புரொப்பல்லர்கள் டக்கின் பின்பகுதிக்கு அடியில் இருக்கும். ஒவ்வொன்றும் 360 டிகிரியும் திரும்பும். மேலே மேசைமின்விசிறி, கீழே புரொப்பல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறியின் முகத்தைத் திருப்பினால் காற்றின் திசை மாறுவதுபோல, இதில் உந்துவிசையின் திசை மாறும். டக் முன்னால் போகும், பின்னால் போகும், நண்டுபோலப் பக்கவாட்டிலும் போகும். பழைய துடுப்புச் சக்கரம் செய்த வித்தையை இது பல மடங்கு சக்தியோடு செய்கிறது.

மற்ற அமைப்புகளுக்கும் காரணங்கள் உண்டு. ஓட்டும் அறையில் நான்கு பக்கமும் கண்ணாடி; மேலே அண்ணாந்து பார்க்கவும் கண்ணாடி. ஏனென்றால், கப்பலின் தளம் தலைக்கு மேலே மாடி உயரத்தில் இருக்கும். அறை உள்ளடங்கி, நடுவில் இருக்கும். சாய்ந்து நிற்கும் கப்பல் சுவரில் முட்டிவிடக் கூடாது. பல டக்குகளில் தீயணைப்புப் பீரங்கிகளும் இருக்கும். சர்வதேசத் தரத்தில் முதல் வகைச் சான்று பெற்ற டக்குகள், மணிக்கு 24 லட்சம் லிட்டர் கடல்நீரை, 120 மீட்டர் தூரத்துக்குப் பீய்ச்ச வேண்டும்.

உயிரோடு விளையாடும் கயிறு

டக்கில் வேலை பார்க்கும் சராங்கும் லஸ்கர்களும் அதிகம் பயப்படுவது அலைக்கோ புயலுக்கோ இல்லை. கயிற்றுக்கு!

முறுக்கேறிய கயிறு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். அதன் வழியில் நிற்பவர் தப்புவது கடினம். அதனால்தான் இழுக்கும் நேரத்தில் கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்பது டக்கில் முதல் பாடம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மிரண்ட காளையைக் கயிற்றில் பிடித்துப் போகிறவரைக் கற்பனை செய்துபாருங்கள். கயிறு கையில் இருந்தால், காளை ஓடும்போது விட்டுவிடலாம். இடுப்பில் சுற்றிக்கொண்டு, காளைக்குப் பக்கவாட்டில் நின்றால்? அடுத்த நொடி தரையில்தான். பழைய பாணி டக்குகளில் கயிற்றுக் கொக்கி படகின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். புரொப்பல்லர் பின்னால் இருக்கும். இழுக்கப்படும் கப்பல் திடீரென்று டக்கை முந்திப்போனால், கயிறு டக்கைப் பக்கவாட்டில் இழுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் டக் கவிழ்ந்துவிடும்.

2007 டிசம்பர் 19. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றில் அடர்ந்த மூடுபனி. ‘ஃபிளையிங் ஃபேன்டம்’ என்ற டக், ‘ரெட் ஜாஸ்மின்’ என்ற சரக்குக் கப்பலின் முன்னால் கயிறு கட்டிப் போய்க்கொண்டிருந்தது. இதேபோலக் கயிறு பக்கவாட்டில் இழுத்து, டக் கவிழ்ந்தது. டக்கில் இருந்த 4 பேரில் 3 பேர் இறந்தார்கள். நீராவி டக் முதன்முதலாக வெற்றிகரமாக ஓடிய கிளாஸ்கோ பக்கத்திலேயே, 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தொழிலின் பழைய ஆபத்து பலி வாங்கியது.

டக்கின் வடிவமைப்பில் வந்த பல மாற்றங்கள் இந்த ஒரு ஆபத்துக்குக் கொடுத்த பதில்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கயிற்றை உடனே விடுவிக்கும் கொக்கி, வின்ச். புரொப்பல்லர் பின்னால் இருந்தால் கயிற்றை முன்பகுதியில் கட்டுவது. புரொப்பல்லர் முன்னால் இருந்தால் கயிற்றைப் பின்பகுதியில் கட்டுவது. இப்படி இரண்டுக்கும் நடுவே தூரம் வைத்தால், கயிறு இழுக்கும்போது டக் கவிழாமல் கப்பல் போகும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். இழுக்கும் நேரத்தில் எஞ்சின் அறைக் கதவுகளை இறுக மூடிவைப்பதும் இதற்காகத்தான். சாய்ந்தாலும் தண்ணீர் உள்ளே புகக் கூடாது.

டக் பக்கத்தில் இல்லாதபோது...

ஒரு வேலைக்காரரின் அருமை, அவர் லீவு போட்ட அன்றைக்குத் தெரியும் என்பார்கள். டக்கும் அப்படித்தான்.

2012 அக்டோபர் 31. நீலம் புயல் கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பலை, காற்று தள்ளிக்கொண்டு வந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டவைத்தது. உயிர்காக்கும் படகில் இறங்கித் தப்ப முயன்றவர்களின் படகு கவிழ்ந்தது. 6 பேர் இறந்தார்கள். சென்னைவாசிகள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்த அந்தக் கப்பல், நவம்பர் 11-ம் தேதி இழுவைக் கப்பலின் கயிற்றில்தான் ஆழ்கடலுக்குத் திரும்பியது.

2021 மார்ச் 23. சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ குறுக்கே சிக்கியது. 400 மீட்டர் நீளக் கப்பல். அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். மணலைத் தோண்டி, கடல் நீர்மட்டம் ஏறும் நேரம் பார்த்து, பத்துக்கும் மேற்பட்ட டக்குகள் சேர்ந்து இழுத்து மார்ச் 29-ல் விடுவித்தன.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. அதே ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலை ஜூன் 2-ல் ஆழமான பகுதிக்கு இழுத்துப்போக முயன்றார்கள். பாதி வழியிலேயே பின்பகுதி தரைதட்டியது. பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கின.

2024 மார்ச் 26-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது இன்னும் யோசிக்கவைப்பது. ‘டாலி’ என்ற 300 மீட்டர் கன்டெய்னர் கப்பலை 2 டக்குகள் கரையிலிருந்து விலக்கிவிட்டு, வழக்கம்போலத் திரும்பிப் போய்விட்டன. சற்று நேரத்தில் கப்பலில் மின்சாரம் போனது. கட்டுப்பாடு இழந்த கப்பல் பாலத்தில் மோதியது, பாலம் சரிந்தது. பாலத்தின் மேல் சாலைப்பணியில் இருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். ‘டக்குகள் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வந்திருந்தால்?’ என்ற கேள்வியை உலகத் துறைமுகங்கள் எல்லாம் அன்று கேட்டுக்கொண்டன.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 1989-ல் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டீஸ்’ எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, கடல் முழுக்க எண்ணெய் கொட்டியது. மறுவருடமே, ஆபத்தான பகுதிகளில் எண்ணெய் ஏற்றிய கப்பலுக்குக் குறைந்தது 2 டக்குகள் துணைக்குப் போக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. டக்கைக் கூட அனுப்பினால் பணம் செலவாகும். அனுப்பாமல் விட்டால், எப்போதோ ஒரு நாள், அதைவிடப் பல மடங்கு செலவாகும். அந்த ஒரு நாள் எது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

புகைக்கு விடை கொடுக்கும் டக்

டக் ஒரு நாளில் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும் அல்லது மெல்ல நகரும். கப்பல் வந்ததும் சில நிமிடங்களுக்கு முழுச் சக்தியையும் கொட்டும். அந்தச் சில நிமிடங்களுக்காக 5,000 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்களை நாள் முழுக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும். புகை போவது துறைமுகத்தை ஒட்டி வாழும் மக்களின் வீடுகளுக்குள்.

இன்னொரு பக்கம் பார்த்தால், பேட்டரியில் ஓட இதைவிடப் பொருத்தமான கப்பல் கிடையாது. தூரம் குறைவு. வேலை முடிந்ததும் தினமும் அதே இடத்துக்குத் திரும்பிவரும். நிற்கும் நேரத்தில் சார்ஜ் போடலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் 2022 முதல் ‘ஸ்பார்க்கி’ என்ற மின்சார டக் வேலை செய்கிறது. இழுப்புத்திறன் 70 டன். ஒரு முறை சார்ஜ் செய்தால் 3, 4 மணி நேர வேலை தாங்கும். மறுபடி சார்ஜ் ஏற சுமார் 2 மணி நேரம்.

இந்தியாவிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. பெரிய துறைமுகங்கள் இந்தியாவில் கட்டிய டக்குகளையே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் சொன்னது. கொச்சின் ஷிப்யார்டின் உடுப்பி துணை நிறுவனம் 62 டன் டக்குகளைக் கட்டித் தருகிறது. 2024-ல் மத்திய கப்பல் துறை ‘பசுமை டக்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி முதல்கட்டமாக, 2027 இறுதிக்குள் 4 துறைமுகங்கள் தலா 2 பசுமை டக்குகளையாவது வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். மும்பை அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகம், குஜராத்தின் தீனதயாள் துறைமுகம், ஒடிசாவின் பாரதீப்... நான்காவது, நம் தூத்துக்குடி.

பாரதீப்பில் கரியை ஏற்றிய கப்பலை வெளியே அனுப்பும் டக்கும், தூத்துக்குடியில் அதை வரவேற்கும் டக்கும் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மின்சார டக்குக்குச் சார்ஜ் ஏற்ற மின்சாரம் வேண்டும். அது கரியில் இருந்து வந்தால், புகை துறைமுகத்தை விட்டுப் புகைபோக்கிக்கு இடம் மாறும், அவ்வளவே. தூத்துக்குடி, நெல்லைச் சீமையின் காற்றாலைகளிலும் வெயிலிலும் இருந்து வந்தால், கணக்கே வேறு. டக்கை மாற்றுவது பாதி வேலை; அதற்கு ஊட்டும் உணவை மாற்றுவது மீதிப் பாதி.

எது எப்படி மாறினாலும் டக்கில் இருப்பவர்களின் வேலை மாறப்போவதில்லை. நள்ளிரவோ அடைமழையோ, கப்பல் வந்தால் அவர்கள் கிளம்ப வேண்டும். மலைபோன்ற இரும்புச் சுவருக்கு அடியில் போய் நின்று, கயிறு வாங்கிக் கட்ட வேண்டும். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்ததும், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். கப்பலின் பெயர் செய்தியில் வரும். டக்கின் பெயர், ஏதாவது தவறு நடந்தால் மட்டுமே வரும்.

தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் கடற்கரையில் நின்று துறைமுகத்தின் பக்கம் கொஞ்சம் பாருங்கள். பெரிய கப்பல் தானாகக் கண்ணில்படும். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை நுரையாகக் கலக்கிக்கொண்டு ஒரு குட்டிப் படகு இருக்கிறதா என்று தேடுங்கள். கண்டுபிடித்ததும் குழந்தைகளிடம் காட்டுங்கள். நம் வீட்டு விளக்கு எரிவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.